செட்டர் ஆர்மில் டூல் உரசிவிட்டது: ஓ.டி. (வெளிவிட்டம்) சரி, ஐ.டி. (உள்விட்டம்) மட்டும் 0.06 மி.மீ. பெரிதாக வருகிறது

சிப்காட் செட்டர் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஜாப் ஒர்க் கடையில் செட்டராக இருக்கிறேன். சாய்வு பெட் சிஎன்சி லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்), 8 அங்குல சக் (வேலைத் துண்டைப் பிடிப்பது), ஃபானக் கன்ட்ரோல், 12 ஸ்டேஷன் டரட் (டூல்களை மாட்டிச் சுற்றும் தலை). டூல் முனை எங்கே இருக்கிறது என்று தொட்டு அளக்கிற டூல் செட்டர் ஆர்ம், கையால் இழுத்து இறக்குகிற வகை.

போன வியாழக்கிழமை ஆர்ம் கீழே இருக்கும்போதே யாரோ டரட்டைச் சுற்றிவிட்டார்கள். (யாரோ என்று எழுதுகிறேன். ஷிஃப்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.) பக்கத்து ஸ்டேஷன் டூல் ஸ்டைலஸில் (ஆர்ம் நுனியில் டூல் தொடுகிற சதுரத் துண்டு) உரசிக்கொண்டு போனது. பெரிய சத்தம் இல்லை. ஸ்டைலஸ் முறியவில்லை, அலாரமும் இல்லை, டூலைக் கொண்டுபோய்த் தொட்டால் ஆஃப்செட்டும் (டூல் முனையின் இட மதிப்பு) எடுக்கிறது. சரி, தப்பித்தோம் என்று ஓட்டினேன்.

இப்போது ஓ.டி. டூல்களை செட்டரில் தொட்டு ஓட்டினால் அளவு சரியாக வருகிறது. துளைக்குள் வெட்டுகிற போரிங் பார் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. 25 மி.மீ. பாரில் ஐ.டி. 0.06 பெரிது. 16 மி.மீ. பாரில் 0.02தான் பெரிது. வேலை, தோல் பதனிடும் ஷாப்பு டிரம்முக்குப் போகிற புஷ் (நடுவில் துளையுள்ள உருளை). போர் (துளை) 40 எச்7, அதாவது 40.000 முதல் 40.025 வரைதான் இடம். 0.06 என்றால் நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான். இதுவரை 4 பீஸ் போய்விட்டது.

செட்டர் முகங்களின் இடத்தை வைத்திருக்கிற கன்ட்ரோல் பாராமீட்டரில் ஐ.டி. பக்க மதிப்பை 0.06 குறைத்துவிடலாம் என்று இருக்கிறேன். எந்த நம்பர் என்று யாராவது சொல்ல முடியுமா?


ஆம்பூர் அவசரம் | செவ்வாய், இரவு 10.15

நண்பா, எதற்குப் பாராமீட்டர்? வியர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) மைனஸ் 0.06 போடு, ஷிஃப்டை முடி, வீட்டுக்குப் போ. நாங்கள் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுகிறோம். டூல் செட்டர் சுமாராகத்தான் காட்டும், கடைசி அளவு எப்போதும் மைக்ரோமீட்டரில்.


வாலாஜா பழைய பிட்டர் | செவ்வாய், இரவு 10.50

தம்பி, பாராமீட்டர் நம்பர் சொல்லத் தெரியும், ஆனால் இன்றைக்குச் சொல்ல மாட்டேன். நகர்ந்தது எது என்று தெரியாமல் எண்ணை மாற்றினால், நாளைக்கு எதை எங்கே மாற்றினாய் என்று உனக்கே தெரியாமல் போகும்.

நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பாரில் 0.06, இன்னொன்றில் 0.02. ஆர்ம் மொத்தமாக மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் எல்லா டூலும் ஒரே அளவுக்குத் தப்பாக வரும், அதுவும் ஒரே திசையில். ஓ.டி. 0.06 பெரிதானால் ஐ.டி.யும் 0.06 பெரிதாகும். ஏனென்றால் எக்ஸ் (விட்டத் திசை) கணக்கில் எல்லா டூலும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளிப்போகும். உனக்கு ஓ.டி. நகரவே இல்லை.

இன்னொரு வகை, ஓ.டி. பெரிதாகி ஐ.டி. அதே அளவுக்குச் சிறிதாவது, அல்லது நேர்மாறாக. அப்படி வந்தால் ஸ்டைலஸின் அகலமே மாறிவிட்ட மாதிரி அர்த்தம். முகத்தில் சிப் (வெட்டுத் தூள்) ஒட்டியிருக்கும், அல்லது தொட்டதை ப்ரோப் (ஸ்டைலஸைத் தாங்கும் சென்சார்) தாமதமாகச் சொல்லும். அதுவும் உன் கேஸ் இல்லை.

பாருக்குப் பார் மாறுகிறது என்றால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு பாரையும் ஸ்டைலஸ் முகத்தில் எந்த இடத்தில் கொண்டுபோய்த் தொடுகிறாய்?


சிப்காட் செட்டர் | புதன், காலை 6.20

ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. 25 பார் வெளியே நீட்டியிருப்பது குறைவு. இன்னும் உள்ளே கொண்டுபோனால் ஹோல்டர் ஆர்மில் இடிக்கும் என்று பயந்து, டெயில்ஸ்டாக் பக்க (சக்குக்கு எதிர்ப்பக்க) ஓரத்திலேயே தொட்டுவிடுகிறேன். 16 பார் நீளம், அதனால் நடுவுக்குக் கிட்டத்தட்ட போய்விடும். ஓ.டி. டூல்கள் எல்லாம் நடுவில்தான்.


வாலாஜா பழைய பிட்டர் | புதன், காலை 7.05

பார், விஷயம் வெளியே வந்துவிட்டது. இன்று கடைக்குப் போனதும் டயல் (முள் அளவி) எடுக்க வேண்டாம், ஸ்பேனரும் எடுக்க வேண்டாம். 16 பாரையே எடுத்துக்கொள். போரிங் பார் தொடுகிற முகத்தில் சக் பக்க ஓரத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் பக்க ஓரத்தில் ஒரு தடவை தொடு. ஒவ்வொரு தடவையும் வருகிற எக்ஸ் ஜியாமெட்ரி (டூல் ஆஃப்செட்) மதிப்பைக் காகிதத்தில் எழுது. ஜாக் ஃபீட் (கையால் ஓட்டும் வேகம்) மூன்று தடவையும் ஒன்றாக இருக்கட்டும். வேகம் மாறினால் அதுவே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) விளையாடும்.

முகம் இசட் அச்சுக்கு (சக்கிலிருந்து டெயில்ஸ்டாக் பக்கம் போகும் நீளவாக்கு) பேரலலாக இருந்தால் மூன்றும் ஒன்றாக வரும்.


குடியாத்தம் டு ஓசூர் | புதன், காலை 8.30

பழைய பிட்டர் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ரிப்பீட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்பீட் ஆகாத செட்டரில் அலைன்மென்ட் பார்ப்பது ஓடுகிற பஸ்ஸில் ரசமட்டம் வைப்பது மாதிரி. இரண்டு விதமாகப் பாருங்கள். ஆர்மை இறக்கி அப்படியே வைத்து, ஒரே டூலால் ஒரே இடத்தில் 10 தடவை தொட்டால் அது ப்ரோப்பின் யோக்கியதை. ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவில் ஆர்மை மேலே தள்ளி மறுபடி இறக்கி 10 தடவை தொட்டால் அது ஆர்ம் உட்காருகிற இடத்தின் யோக்கியதை. இந்த அளவு மெஷினில் நல்ல ஆர்ம் என்றால் 5 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். முதல் சோதனையில் நன்றாக வந்து இரண்டாவதில் சிதறினால் சீட்டில் சிப்ஸ் இருக்கிறது.


ஆம்பூர் அவசரம் | புதன், காலை 8.45

இதற்கெல்லாம் ஆகும் நேரத்தில் நான் 30 புஷ் போட்டிருப்பேன்.


குடியாத்தம் டு ஓசூர் | புதன், காலை 8.52

அதில் எத்தனை 40 எச்7 கேஜில் தேறும் என்பதையும் எழுதுங்கள் அண்ணே.


சிப்காட் செட்டர் | புதன், இரவு 9.10

முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். இரண்டரை மணி நேரம் ஆனது. வந்த எண்கள்:

ஆர்மை அசைக்காமல் 10 தடவை: சிதறல் 0.003. ஆர்மை ஏற்றி இறக்கி 10 தடவை: 0.012. சீட்டைப் பார்த்தேன். போன மாதம் ஓட்டிய காஸ்ட் அயர்ன் வேலையின் தூள் கூலண்டோடு சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது. துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன், ஏர் அடிக்கவில்லை. பிறகு 0.004.

அதற்குப் பிறகு மூன்று இடத்தில் 16 பார், விட்டக் கணக்கில். நடுவைப் பூஜ்யமாக வைத்தால் டெயில்ஸ்டாக் பக்கம் நடுவிலிருந்து 4 மி.மீ. தள்ளி 0.06 ஒரு பக்கம், சக் பக்கம் 4 மி.மீ. தள்ளி 0.06 எதிர்ப்பக்கம்.

பழைய பிட்டர் ஐயா, நீங்கள் மெஷினைப் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள். ஆர்ம் வளைந்துவிட்டது, இல்லையா? அடியில் இருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தி ரப்பர் சுத்தியால் தட்டி நேராக்கட்டுமா?


காட்பாடி டிப்ளமோ | புதன், இரவு 9.48

அண்ணா, சுத்தியை எடுக்காதீங்க, ஒரு நிமிஷம். நான் இன்னும் படிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். கணக்கு போட்டுப் பார்த்தேன்.

விட்டத்தில் 0.06 என்றால் ஆரத்தில் 0.03. அது 4 மி.மீ. தூரத்தில் வருகிறது. அப்படியென்றால் ஒரு மி.மீ.க்கு 0.0075 சாய்வு, கிட்டத்தட்ட 0.43 டிகிரி. இந்தத் திருகல் ஆர்மின் அடியில் நடந்திருந்தால், ஆர்ம் நீளம் 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் நுனி 1.9 மி.மீ. தள்ளிப் போயிருக்க வேண்டும். அப்போது ஓ.டி. டூல் சரியாக வர வாய்ப்பே இல்லை. எக்ஸ், இசட் இரண்டில் ஒன்றாவது மில்லிமீட்டர் கணக்கில் ஓடியிருக்கும்.

அதனால் ஆர்ம் நகரவில்லை. நுனியில் இருக்கிற ஸ்டைலஸ் மட்டும் தன் அச்சில் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். சதுரத்தை நடுப்புள்ளியில் பிடித்துத் திருப்பினால் முகங்களின் நடு அநேகமாக அங்கேயே இருக்கும், ஓரங்கள்தான் ஏறி இறங்கும். உங்கள் எண்களும் அப்படியே இருக்கின்றன.


வாலாஜா பழைய பிட்டர் | புதன், இரவு 10.20

இந்தப் பிள்ளைக்கு யாராவது வேலை கொடுங்கள்.

நானும் இதைத்தான் எழுத வந்தேன், ஆனால் 1.9 என்று கணக்கு போட்டிருக்க மாட்டேன். "அடி போல்ட்டைத் தொடாதே" என்று மட்டும் சொல்லியிருப்பேன். அடி போல்ட்டைத் தளர்த்திவிட்டால் எக்ஸ், இசட், சாய்வு எல்லாம் ஒன்றாக அவிழும். அதற்குப் பிறகு ஒரு நாள் வேலை.

சரி, தம்பி, செய்ய வேண்டியதைக் கேள். லீவர் டயலை டரட்டில் மேக்னடிக் ஸ்டாண்டில் கட்டு. ஸ்டாண்டை டரட் முகத்தில் ஒட்டும் முன் துடை. ஆர்மை இறக்கு. ரேபிட் ஓவர்ரைடை (வேகக் குமிழை) ஆகக் குறைந்த அளவில் வை. டயல் முள்ளை ஓ.டி. டூல் தொடுகிற முகத்தில் மெதுவாக 0.1 அளவுக்கு அழுத்தி, ஹேண்ட்வீலால் இசட்டில் 8 மி.மீ. ஓட்டு. உன் எண்படி 0.06 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கேயே நிறுத்தி எனக்கு எழுது. அதற்கு மேல் அழுத்தாதே. அழுத்தினால் ப்ரோப் ட்ரிகர் ஆகிவிடும், நீ படிப்பது முகத்தை அல்ல, ஸ்ப்ரிங்கை.

பிறகு டயலைத் திருப்பிக் கட்டி, இசட் முகத்தில் வைத்து எக்ஸில் ஓட்டு. எக்ஸ் திரையில் விட்டம் காட்டும். 8 மி.மீ. ஓட வேண்டுமென்றால் திரையில் 16 ஓட வேண்டும், மறந்துவிடாதே. நான் மறந்திருக்கிறேன். இரண்டு முகமும் ஒரே அளவு, ஒரே திசைத் திருகலைக் காட்டினால் பிள்ளை சொன்னது உறுதி.

ஸ்டைலஸைத் தளர்த்தும்போதும் இறுக்கும்போதும் அதன் அடியை ஒரு கையால் தாங்கிப் பிடி. சில ஆர்மோடு அதற்கென்றே ஒரு சின்ன தாங்கு கம்பி பெட்டியில் கொடுத்திருப்பார்கள், பாதிக் கடைகளில் அது என்னவென்று தெரியாமல் தூக்கிப் போட்டிருப்பார்கள். தாங்காமல் இறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் ப்ரோப்புக்குள் போகும். ஸ்டைலஸ் அடியில் மெல்லிய கழுத்து ஒன்று இருக்கும். பெரிய அடி விழுந்தால் ப்ரோப்புக்குப் பதிலாகத் தான் முறிய வேண்டும் என்று வைத்தது. உன்னுடையது முறியாமல் திரும்பியதே அதிர்ஷ்டம்தான். ஆனாலும் டார்ச் அடித்து அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்.

8 மி.மீ.யில் 0.005க்குள் வந்தால் விடு. பூஜ்யத்துக்காக உட்கார்ந்தால் விடிந்துவிடும்.


ஆம்பூர் அவசரம் | வியாழன், காலை 7.30

கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையான கேள்வி. இவ்வளவு செய்வதற்குப் பதில் எல்லா டூலையும் நடுவிலேயே தொட்டால் போதாதா? திருகல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.


குடியாத்தம் டு ஓசூர் | வியாழன், காலை 8.10

நியாயமான கேள்வி அண்ணே. கொள்கையளவில் போதும். எப்போதும் ஒரே புள்ளியில் தொட்டால் சாய்வு ஒன்றும் செய்யாது. ஆனால் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் அந்தப் புள்ளியில் தொடுவார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? முகம் நேராக இருந்தால் யார் எங்கே தொட்டாலும் ஒரே பதில்.

இன்னொன்று. நடுவில் தொட்டாலும் டூல் முனையின் சென்டர் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் முகத்தில் தொடும் இடமும் மேலும் கீழுமாக மாறும். ஒய் அச்சு இல்லாத மெஷினில் அந்தத் திசையில் டயலை ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. அதனால் போரிங் ஸ்லீவ் (பாரைப் பிடிக்கும் குழல்), ஷிம் (உயரம் சரிசெய்யும் தகடு) எல்லாம் சரியாக இருக்கிறதா, முனை சென்டரில் நிற்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேஸிங்கில் நடுவில் மொட்டு நிற்கிறது என்றால் அந்த டூல் சென்டரில் இல்லை. செட்டரைத் திட்டிப் பயனில்லை.


சிப்காட் செட்டர் | வெள்ளி, இரவு 10.05

முடிந்தது. டயல் இசட் ஓட்டத்தில் 8 மி.மீ.க்கு 0.058 காட்டியது. எக்ஸ் ஓட்டத்தில் 0.055, அதே திசை. டிப்ளமோ தம்பி, உனக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ என் செலவு, காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து கொடுக்கிறேன்.

ஸ்டைலஸ் ஸ்க்ரூ கையாலேயே திரும்புகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. திருப்பினேன், இறுக்கினேன், இறுக்கும்போது மறுபடி திரும்பியது, தளர்த்தினேன். இப்படி ஐந்து தடவை. கடைசியில் இறுக்கும்போது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வைத்து இறுக்கினேன். 0.003இல் நின்றது. எக்ஸ் ஓட்டத்தில் 0.004. கழுத்தில் விரிசல் இல்லை.

ஹெட்ஸ்டாக்கும் (சக் மாட்டியிருக்கும் தலைப்பகுதி) நகர்ந்திருக்குமோ என்று ஒரு பயம். சக்கில் பிடித்த பாரில் 100 மி.மீ. நீளம் லேசாக ஓட்டி இரண்டு முனையையும் அளந்தேன். வித்தியாசம் 0.004. உரசலுக்கு முன்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஐயா, இப்போதாவது நம்பர் சொல்லுங்கள்.


வாலாஜா பழைய பிட்டர் | வெள்ளி, இரவு 10.40

இப்போது சொல்லலாம். ஃபானக்கில் 5015 முதல் 5018 வரை நான்கு முகத்துக்கு நான்கு எண். 5015 எக்ஸ் ப்ளஸ், 5016 எக்ஸ் மைனஸ், 5017 இசட் ப்ளஸ், 5018 இசட் மைனஸ். முதலில் நான்கையும் போட்டோ எடு, காகிதத்திலும் எழுது, போனை நம்பாதே. பாராமீட்டர் எழுத அனுமதி திறந்தால் 100 அலாரம் வரும், பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் மூடு.

காலிப்ரேஷனை இப்படிச் செய். மெஷினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கு. ஓ.டி. ஃபினிஷ் டூலை எடு. 50 விட்டத்துக்குப் பக்கமாக ஒரு துண்டை லேசாக ஓட்டி, எக்ஸை நகர்த்தாமல் இசட்டில் வெளியே வா. மைக்ரோமீட்டரில் அள. அந்த அளவை ஜியாமெட்ரியில் நேரடியாகக் கொடுத்து எக்ஸ் ஆஃப்செட்டை எடு. இதுதான் உண்மை. பிறகு அதே டூலை செட்டரில் தொடு. செட்டர் கொடுக்கிற எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் அந்த முகத்தின் பிழை. அதை அந்த முகத்தின் பாராமீட்டரில் சேர். கூட்டுவதா கழிப்பதா என்று குழப்பம் வந்தால் சின்னதாக 0.01 மாற்றி மறுபடி தொட்டுப் பார், எந்தப் பக்கம் நகர்கிறது என்று மெஷினே சொல்லும்.

ஐ.டி. முகத்துக்கு ஒரு துளையை போர் பண்ணி அளந்து அதே வேலை. ஓ.டி. எண்ணிலிருந்து ஸ்டைலஸ் அகலத்தைக் கழித்துப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ப்ரோப் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ட்ரிகர் ஆகும் என்று யார் சொன்னது? இசட்டுக்கு ஃபேஸ் எடுத்துச் செய்.


சிப்காட் செட்டர் | சனி, மாலை 5.30

செய்தாயிற்று. ஓ.டி. முகத்தில் 0.008 மாறியது, ஐ.டி. முகத்தில் 0.011. 25 பார், 16 பார் இரண்டையும் வேண்டுமென்றே ஓரத்தில் தொட்டு புஷ் ஓட்டினேன். 40.012, 40.015. கேஜ் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆர்ம் கீழே இருந்தால் டரட் சுற்றக் கூடாதே, எப்படிச் சுற்றியது என்று பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஆர்ம் மேலே இருப்பதைச் சொல்கிற ப்ராக்ஸ் சுவிட்சுக்கு (தொடாமல் உணரும் சென்சார்) ஜம்பர் ஒயர் (சுவிட்சைத் தாண்டிப் போடும் நேர் இணைப்பு) போட்டிருக்கிறது. எப்போதோ சுவிட்ச் போய், சர்வீஸுக்கு வந்தவர் "இப்போதைக்கு" என்று போட்டுவிட்டுப் போன ஒயர். அந்த இப்போதைக்கு மூன்று வருடமாக ஓடியிருக்கிறது. புது ப்ராக்ஸ் சொல்லியாயிற்று. அது வரும் வரை ஆர்ம் மேல் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.


குடியாத்தம் டு ஓசூர் | சனி, மாலை 6.15

சிவப்புத் துணி டரட்டுக்குத் தெரியாது. ப்ராக்ஸ் வரும் வரை செட்டிங் நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள், கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற இன்டர்லாக்கையும் யாராவது "இப்போதைக்கு" செய்யாமல் இருந்தால்.


சிப்காட் செட்டர் | அடுத்த வியாழன், இரவு 9.20

ப்ராக்ஸ் மாட்டியாயிற்று. இன்னொரு சின்ன விஷயம். காலை 7 மணிக்குத் தொட்டதற்கும் மதியம் 2 மணிக்குத் தொட்டதற்கும் அதே டூலில் விட்டத்தில் 0.02 வருகிறது. தகரக் கூரை, கத்திரி வெயில், கடைக்குள் நிற்க முடியவில்லை. மறுபடி ஸ்டைலஸா?


காட்பாடி டிப்ளமோ | அடுத்த வியாழன், இரவு 9.55

மக்கன் பேடா வந்து சேர்ந்தது அண்ணா, ஹாஸ்டலில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் அளவுக்கு நீளும். 250 மி.மீ. ஆர்ம் 10 டிகிரி சூடானால் 0.029. ஆனால் ஆர்ம் மாட்டியிருக்கிற வார்ப்பும் பால் ஸ்க்ரூவும் (அச்சை நகர்த்தும் திருகு) சேர்ந்தே நீளும், ஒன்றை ஒன்று கொஞ்சம் ஈடு செய்யும். ஆரத்தில் 0.01 என்பது வெயில் கணக்குக்குள் வருகிறது.


வாலாஜா பழைய பிட்டர் | அடுத்த வியாழன், இரவு 10.30

வெயில்தான், நைனா. வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது மனுஷனே அளவில் நிற்பதில்லை. (ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது என்று பேரன் திருத்துகிறான். வெயில் இன்னும் பிரியவில்லை.)

எச்7 வேலை இருக்கிற நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபினிஷ் டூலை மட்டும் ஒரு தடவை மறுபடி தொடு. பாராமீட்டரைத் தொடாதே. இன்றைக்கு மதியச் சூட்டில் காலிப்ரேட் செய்தால் காலையில் தப்பாகும். 7 மணி, 10 மணி, 2 மணி என்று ஒரு வாரம் எழுதி வை. அந்த நோட்டை மெஷின் கதவில் மாட்டு, மார்கழியில் அதே நேரங்களில் தொட்டு எழுதி இங்கே போடு.


சிப்காட் செட்டர் | அடுத்த வெள்ளி, காலை 6.50

சரி ஐயா. முதல் வரி எழுதியாயிற்று: 7 மணி, 31 டிகிரி, விலகல் 0.000.